ஆணியில் தொங்கிய சிரட்டை

என் மனைவி நவமணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்திலேயே போயும் விடும். இடையில் அகப்பட்டவர் பாடுதான் திண்டாட்டம். பெரும்பாலும் அது நான். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், சுங்கை லாலாங் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அவளுக்குப் பயப்படாதவர்கள் இரண்டே தரப்பு. ஒன்று ஜப்பான்காரர், அவர்களுக்கு அவள் பேசுவது விளங்காது. மற்றது பிச்சையம்மாள்; அவளுக்கு எல்லாம் விளங்கும், ஆனாலும் பயமில்லை. ஏச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நவமணி ஏச்சைப் பாதியில் விட்டுவிட்டு, "சாப்பிட்டியா பிள்ளை?" என்பாள்.

நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற ஆள். பெயர் இராசையா. ஆஸ்பத்திரி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா தீர்ந்து, பஞ்சு தீர்ந்து, கடைசியில் வெறும் போத்தல்களையும் என்னையும் வைத்துக்கொண்டு அது நடந்துகொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் படிக்கவென்று யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருந்தோம். சண்டை வந்து கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. அதட்டவும் ஊட்டவும் ஆளில்லாமல் நவமணி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். அந்த நேரத்தில் அகப்பட்டவள்தான் பிச்சையம்மாள்.

பால் மரம் வெட்டுகிற பெண். ரப்பர் வாங்க ஆளில்லாமல் மரவெட்டு நின்ற பிறகு, எங்கள் வீட்டுப் பின்வளவைக் கொத்தி மரவள்ளி நட்டுத் தர வந்தாள். வந்தவள் வந்தவள்தான். இருவரும் சேர்ந்து மரவள்ளியை இடித்தார்கள், தேங்காயெண்ணெயில் சவர்க்காரம் காய்ச்சினார்கள், சாக்கைப் பிரித்து உடுப்புத் தைத்தார்கள். மத்தியானத்தில் நவமணி அவளைப் படியில் உட்கார வைத்துத் தலைவாரி விடுவாள். பேன் எடுக்கிற சாக்கில் பரமண்டல ஜெபமும் சொல்லிக்கொடுப்பாள். பேனும் போனது, ஜெபமும் ஏறியது.

அவ்வளவு அன்பு. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

ஆனால் எங்கள் சமையல் குசினிக்குப் பின்னால் ஒரு தூண் இருந்தது. தூணில் ஓர் ஆணி. ஆணியில் காது துளைத்த ஒரு தேங்காய்ச் சிரட்டை தொங்கியது. தோட்டத்து ஆட்கள் யார் வந்து தண்ணீர் கேட்டாலும், கஞ்சி கேட்டாலும் அதில்தான். கொடுப்பதில் நவமணி கை தாராளம். வழிய வழிய ஊற்றுவாள். குடித்தவர் கழுவி மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். வீட்டுக்குள் எங்களுக்கும், எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்து ஆட்களுக்கும் பித்தளை மூக்குப்பேணி. வயிற்றில் கிளிமூக்குப் போல ஒரு குழல் வைத்த பேணி அது. உதடு படாமல் அண்ணாந்து வாயில் ஊற்றிக் குடிக்கலாம். அவளுடைய அம்மா சீதனத்தோடு கொடுத்தது. அதைப் பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்தாள். சிரட்டையைக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. போன இடத்தில் அது தானாக முளைத்துவிடுகிறது.

பிச்சையம்மாளுக்கும் அந்தச் சிரட்டைதான். தலைவாரி விட்ட அதே கை அதே மத்தியானத்தில் சிரட்டையில் தேநீர் ஊற்றியது. இதில் ஏதும் முரண் இருப்பதாக அவர்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பிச்சையம்மாளின் புருஷன் அய்யாவு. ஊரிலிருந்து கப்பலேறுவதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றவன். மாதத்துக்கு ஒருமுறை சுங்கைப் பட்டாணித் தேவாலயத்துக்கு நடந்தே போவான். அவளும் கூடப் போவாள், ஆனால் உள்ளே வரமாட்டாள். தோட்டத்து மாரியம்மனுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு, வெளியே மரத்தடியில் அவனுடைய குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே எங்களுக்கு முன்வரிசையில் வாங்குப் பலகை, தோட்டத்து ஆட்களுக்குப் பின்னால் பாய். கர்த்தருடைய இராப்போசனம் கொடுக்கும்போது நாங்கள் போய் முழங்காலிட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கித் திரும்பிய பிறகுதான் அவர்கள் எழும்புவார்கள். பாத்திரம் அவர்களிடம் கடைசியாகத்தான் போகும். யாரும் சட்டம் போட்டதில்லை. சட்டம் தேவைப்படாத அளவுக்கு அது பழகியிருந்தது.

சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது, அய்யாவுவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போகுமுன் எங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தான். பின்பக்கம் நின்றான். நவமணி அவித்த மரவள்ளி கொடுத்தாள், சிரட்டையில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து, கழுவி, மாட்டிவிட்டு, அவன் பிச்சையம்மாளைப் பார்த்துச் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது.

"அங்க நமக்கு இராப்போசனம் யாரு புள்ள குடுப்பா? நீ இங்க வாங்கு. நீ வாங்குனா நானும் ஒன் பக்கத்துல பந்தியில ஒக்காந்த மாதிரி."

அவன் போய்ப் பல நாள் கழித்து, மரவள்ளி இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்திவிட்டு, தனக்கும் ஞானஸ்நானம் கொடுப்பார்களா என்று நவமணியிடம் கேட்டாள். அந்தப் பந்தியில் உட்கார வேண்டும், அவரோடு சேர்ந்திருக்க வேறு வழி தெரியவில்லை என்றாள். நவமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுவதை நான் பார்க்கக் கூடாது என்பது எங்கள் கலியாணத்தன்றே ஏற்பட்ட ஒப்பந்தம்.

அதற்குள் தேவாலயமும் போய்விட்டது. பட்டாளம் அதில் உப்பு மூட்டை அடுக்கியது. போதகர் மாசிலாமணி வெள்ளிப் பாத்திரத்தை ஏதோ ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு, டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில் தோட்டம் தோட்டமாக வந்துகொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரர். மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் பேசினதைத் திருப்பி எடுக்கமாட்டார். எங்கள் கிணற்றடியில் வைத்து அவர் பிச்சையம்மாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். நவமணி அவளுக்கு வைக்கவென்று கிரேஸ் என்று ஓர் அழகான பேரைத் தேடி வைத்திருந்தாள். பிச்சையம்மாள் வேண்டாம் என்றுவிட்டாள்.

"அவரு வந்து பிச்சைன்னு கூப்பிடுவாரும்மா. அப்ப யாரு திரும்புறது?"

நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டிலேயே இராப்போசனம் வைக்கலாம் என்று போதகர் சொன்னபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. தேவாலயத்தில் முன்வாங்கும் பின்பாயும் இருந்தது. வீட்டில் இருந்ததோ ஒரு சாப்பாட்டு மேசை. பீடோங் ஸ்டேஷன் மாஸ்டர் கனகசுந்தரம் அன்று மாலையே வந்துவிட்டார். காற்சட்டையில் ஒட்டுப் போட்டிருந்தாலும் கழுத்துப் பட்டியைக் கழற்றாத மனிதர். அன்பு, விசுவாசம் எல்லாம் சரி, அதற்காக ஒழுங்கு வேண்டாமா என்று கேட்டார். தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் கடைசியில் பின்விறாந்தையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றும் கேட்டார். நவமணி தலையாட்டினாள். அவளுக்கும் அதுதான் முறையாகப் பட்டது.

போதகர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "இருக்கிறது ஒரே மேசை. எல்லாரும் அதுல உக்காருவாங்க. பாத்திரமும் ஒண்ணுதான்" என்றார்.

சைக்கிளை எடுக்கப் போய்விட்டார்.

அவர் போன பிறகு கனகசுந்தரத்துக்கு ஒரு யோசனை உதித்தது. மூக்குப்பேணி. ஒரே பாத்திரம்தான், போதகர் சொன்னபடியே. ஆனால் யாருடைய வாயும் பாத்திரத்தில் பட்டதாக இராது. அண்ணாந்து ஊற்றிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். வேதத்துக்கும் பழுதில்லை, ஒழுங்குக்கும் பழுதில்லை. ரயிலைத் தடம் மாற்றிவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது என்பதை மறைப்பானேன். நவமணிக்கு ஒரே பெருமை. அம்மா கொடுத்த பேணி கர்த்தருடைய பந்தியில் ஏறப் போகிறது. புளி கிடைக்காத காலம்; புளிக்கும் பிலிம்பிக்காயை நறுக்கிப் போட்டுப் பேணியைத் தேய் தேய் என்று தேய்த்துப் பொன்னாக்கிவிட்டாள்.

பிச்சையம்மாளுக்குத் தன்னுடைய வெள்ளைச் சேலை ஒன்றைக் கொடுத்தாள். அன்று மட்டும் முன்வாசலால் வரவேண்டும் என்றும் சொல்லிவைத்தாள். தன் மனசு எவ்வளவு விசாலம் என்று அவளுக்கே ஒரு வியப்பு.

ஞாயிறு வந்தது. அப்பத்துக்குக் கோதுமை இல்லை, மரவள்ளி மாவில் ரொட்டி. பிச்சையம்மாள் நட்டு, அவளே பிடுங்கி, அவளே இடித்த மாவு. தட்டிச் சுட்டது நவமணி. திராட்சை ரசத்துக்குப் பதில் கருப்பட்டி கரைத்த தண்ணீர். கர்த்தர் காலத்தை அறிவார் என்று போதகர் சொல்லிவிட்டார். கனகசுந்தரமும் மனைவி இரஞ்சிதமும் வந்தார்கள். தோட்டத்திலிருந்து ஐந்தாறு பேர் குளித்து, ஈரத் தலையோடு வந்து, முன்வாசலில் யார் முதலில் ஏறுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். பிச்சையம்மாளைக் காணவில்லை. ஜன்னலால் பார்த்தேன். வெள்ளைச் சேலையோடு கிணற்றடியில் குந்தியிருந்து, சாம்பல் போட்டு எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். கால் கழுவுகிறாள் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்.

மேசையைச் சுற்றி எல்லோரும் ஒரு மாதிரி உட்கார்ந்தோம். தோட்டத்து ஆட்கள் நாற்காலியின் நுனியில். பிச்சையம்மாள் கடைசியாக வந்து, குசினிக் கதவோரம் கிடந்த முக்காலியில் இருந்தாள். கைகள் சேலைத் தலைப்புக்குள் இருந்தன. போதகர் ஜெபித்து, ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். பிறகு மூக்குப்பேணியை எடுத்தார். புதிதாகச் சேர்ந்தவளுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கனகசுந்தரத்தைத் தாண்டி, எங்களையும் தாண்டி, நேரே பிச்சையம்மாளிடம் போய் நின்றார்.

அவள் எழுந்து நின்றாள். சேலைத் தலைப்புக்குள்ளிருந்து சிரட்டையை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"இதுல ஊத்துங்க ஐயா. அம்மா வீட்டு ஏனத்த நான் தொடுறது இல்லீங்க."

குறை சொல்கிற குரல் இல்லை அது. துளிகூட இல்லை. நல்ல நாளில் ஒரு பிழையும் விடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறவளின் குரல். சிரட்டை அப்படிப் பளபளத்தது. நவமணி பேணியைத் தேய்த்ததற்கு இவள் சிரட்டையைத் தேய்த்தது கொஞ்சமும் குறையவில்லை.

கனகசுந்தரம் மேசை விரிப்பைப் பார்த்தார். நாற்காலி தரையில் உரசுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால், நவமணி எழுந்து நிற்கிறாள். முகம் சிவந்திருந்தது. போச்சு, இன்றைக்கு இந்தப் பெண் தொலைந்தாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவளுடைய கோபத்தை எனக்குச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை.

"உனக்கு இதை ஆர் பழக்கினது?" என்று கேட்டாள்.

பிச்சையம்மாள் சிரித்தாள். பாடம் சரியாகச் சொன்ன பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற சிரிப்பு.

"நீங்கதானம்மா."

தலைவாரி விட்டது, ஜெபம் சொல்லிக்கொடுத்தது, சேலை கொடுத்தது எல்லாம் இருக்க, நவமணி சொல்லிக்கொடுத்ததில் இந்தப் பெண் ஒரு பிழையும் இல்லாமல் பழகிக்கொண்டது இதைத்தான். அது அவளுக்கு உறைத்த நேரத்தை நான் அவள் முகத்தில் பார்த்தேன். எங்கள் ஒப்பந்தம் அன்று முறிந்தது. எல்லோருக்கும் முன்னால், முந்தானையைத் தேடாமல், கண்ணீர் அதுபாட்டுக்கு வழிய விட்டாள்.

பிறகு போதகரின் கையிலிருந்து மூக்குப்பேணியை வாங்கினாள். அதிலிருந்த அத்தனையையும் சிரட்டையில் ஊற்றினாள். வெறும் பேணியைக் குசினிப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"ஐயா, இதிலை குடுங்கோ. எல்லாருக்கும் இதிலை. முதல்லை அவள், பிறகு நான்."

போதகர் தலையசைத்து, சிரட்டையை எடுத்து, சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லிப் பிச்சையம்மாளின் வாயருகே பிடித்தார். குடிக்குமுன், சயாமுக்குப் போன அவருடைய பங்கு என்று மெல்லக் கேட்டாள். அவருக்கும் சேர்த்துத்தான் என்றார் போதகர். அவள் கண்ணை மூடிக் குடித்தாள். அவள் உதடு பட்ட இடத்தை நவமணி திருப்பவில்லை. அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தாள். சிரட்டையில் குழல் கிடையாது; அண்ணாந்தால் மூக்கில்தான் போகும்.

அடுத்து நான். அடுத்து தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக. கனகசுந்தரம் கடைசி. விளக்கெண்ணெய் குடிக்க வந்த நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தோடுதான் குடித்தார். ஆனால் குடித்தார். குடித்துவிட்டுச் சிரட்டையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். இரஞ்சிதம் தலையிடி என்று சொல்லி எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டா. அவவைக் குறை சொல்ல நான் யார். மூன்றாம் மாதம் அவவும் குடித்தா, ஒன்றும் நடக்காதது போல.

அன்று முழுக்க நவமணி, விறகு ஈரமாக இருக்கிறது என்று என்னை ஏசினாள். விறகு நன்றாகத்தான் காய்ந்திருந்தது. சிரட்டைக்குத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தாள். அது மறுபடி ஆணிக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையின் நடுவில், நாங்கள் தண்ணீர் குடிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மழைக்காலத்தில் தோட்டத்து ஆட்களின் லயத்துக் கூரை ஒழுகியபோது பிச்சையம்மாளும் எங்கள் பக்கத்து அறைக்கு வந்துவிட்டாள். ஏச்சு மட்டும் மாறவில்லை. சிரட்டையை வைத்த இடத்தில் வைப்பதில்லை என்று அதற்கும் சேர்த்து இருவரும் சண்டை பிடித்தார்கள்.

சயாமிலிருந்து தகவல் இல்லை. போனவர்களில் பாதிப்பேர் இல்லை என்று திரும்பி வந்த சிலர் சொன்னார்கள். ஒவ்வொரு மாதமும் போதகர் வந்தார். ஒவ்வொரு மாதமும் பிச்சையம்மாள் அதே கேள்வியைக் கண்ணால் கேட்டுவிட்டுக் குடித்தாள்.

ஜப்பான்காரன் போனான். தேவாலயத்திலிருந்து உப்பு மூட்டை போனது, மரத்தடியிலிருந்து வெள்ளிப் பாத்திரம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், குசினிக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. நானும் நவமணியும் எட்டிப் பார்த்தோம். எலும்பும் தோலுமாக ஒரு மனிதன் தூணருகே நின்று, வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரலைக் கேட்ட பிறகுதான் அய்யாவு என்று தெரிந்தது.

"கொஞ்சம் தண்ணி வேணும்மா. கொட்டாங்குச்சியக் காணோமே."

நவமணி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மேசையிலை கிடக்கு" என்றாள் கடைசியில். "உள்ளுக்கு வா."

அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். சயாம் புண். டிரஸ்ஸராக இருந்தும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கந்தைத் துணிக்கு மேலாக ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

"காலெல்லாம் புண்ணுங்கம்மா. வீடு அசிங்கமாயிரும்."

"புண்ணோடை வா" என்றாள் நவமணி. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பிச்சையம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் நின்று, பிச்சை என்று கூப்பிட்டான். அவள் திரும்பினாள்.

நான் புண்ணுக்குத் துணி தேடி உள்ளே போய்த் திரும்பி வருவதற்குள், அவளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு நவமணி அவனை உட்கார வைத்திருந்தாள். சிரட்டை அவன் கையில் இருந்தது.